நான்காம் எண் கல்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அவளுடைய முதுகுவலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, கடைத்தெருவைப் பார்த்தால் போய்விடுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

போன வாரம் மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை நீ எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்தாய். "அக்கா, நான்தான்" என்று நான் சொல்லச் சொல்ல, "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று வைத்துவிட்டாய். ஏதோ கோபம் போலிருக்கிறது என்று கடிதத்தில் இறங்கியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனைக்குக் காத்திருப்பவர்களின் பெஞ்சுக்கு எதிரே ஒரு மீன்தொட்டி வைத்திருக்கிறேன். மூன்றடி நீளம். அடியில் மணல், இரண்டு செடி, பன்னிரண்டு நியான் டெட்ரா. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். உடம்பில் நீலமும் சிவப்புமாகக் கோடு. ஒளிந்துகொள்ள ஓர் இடம் இல்லாததால் பன்னிரண்டும் ஒரே மூலையில், ரேஷன் வரிசை போல் நிற்கின்றன. கல் வேண்டும். மீன் கடைக்காரர் காட்டிய கல்லின் விலையைக் கேட்டதும் எனக்கே மூச்சுத் திணறியது.

"என்னங்க, கல்லுக்கா இந்த விலை?"

"சார், இது வெளிநாட்டுக் கல்."

"எந்த நாட்டுக் கல்லா இருந்தா என்னய்யா, தண்ணியில முழுகத்தானே போகுது?"

நம் குடும்பத்தில் நீ ஒருத்தி கல்லைப் படித்து, கல்லூரியில் கல்லைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கும்போது நான் கல்லைக் காசு கொடுத்து வாங்கினால் ஊர் சிரிக்கும். எந்தக் கல் போடலாம், எது மீனைக் கொல்லும்? அதிகச் செலவில்லாமல் சொல்லு.

உன் தம்பி


ஜூன் 13

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முதுகுவலிக்காரியையும் விசாரித்ததாகச் சொல். அந்த வலிக்கு மருந்து கிடையாது என்று எனக்கும் தெரியும்.

கோபம் ஒன்றும் இல்லை. இங்கே போன் லைன் சரியில்லை, ஒரே கரகரப்பு. கடிதமே நல்லது. காதில் வாங்கியது காற்றோடு போய்விடும், எழுத்தில் இருந்தால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மீன் மென்னீரில், அதாவது சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் வாழ்வது. சுண்ணாம்பு கலந்த கல்லைப் போட்டால் அது மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். ஒரே நாளில் எதுவும் தெரியாது. மாதக்கணக்கில் மீன் சோர்ந்துபோகும். ஆகவே சங்கு, பவளம், பளிங்கு எதுவும் வேண்டாம். சாயம் பூசிய கல்லைத் தொடாதே. துருப்பிடித்ததுபோல் கோடு ஓடினாலும், உலோகம்போல் மினுங்கினாலும், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தாலும் வேண்டாம்.

எதையும் வேகவைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பாதே. உள்ளே ஈரம் புகுந்த கல் சூட்டில் வெடிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றினால் போதும். கல்லை மணல்மேல் நிறுத்தாமல், மணலை ஒதுக்கி, அடியில் மெல்லிய ரப்பர் விரிப்பு போட்டு அதன்மேல் வை.

சோதனை எளியது. கழுவிக் காயவைத்த கல்லில் ஓரிடத்தைக் கீறி, அங்கே வினிகர் சில சொட்டு விடு. நுரைத்தால் சுண்ணாம்பு. சில கற்களில் நுரை கண்ணுக்குத் தெரியாது. காதருகே வைத்துக் கேட்டால் மெல்லிய சீறல் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக முதலாண்டு மாணவிகளுக்கு நான் கற்றுத்தரும் முதல் வித்தை அதுதான். கண்ணை ஏமாற்றும் கல் காதை ஏமாற்றாது என்று சொல்வேன்.

ஆனால் நீ எதையும் பொறுக்காதே. உனக்கு அழகான கல்தான் நல்ல கல். அடுத்த மாதம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரம் போகிறேன். நானே எடுத்து, சோதித்து அனுப்புகிறேன்.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வினிகர் பாட்டிலைக் கேட்டதற்கு அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சமையலுக்கா?" என்றாள். "கல்லுக்கு" என்றேன். "நான் சமைக்கறதைத்தானே கல்லுன்னு சொல்றீங்க?" என்று அரைநாள் பேசவில்லை. இந்தக் கஷ்டத்தை உன் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்களா?

நீ வேண்டாம் என்றாலும் கை கேட்குமா? பூங்கா ஓரத்தில் கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து வந்து வினிகர் ஊற்றினேன். சோடா பாட்டில் திறந்ததுபோல் பொங்கியது. எடுத்த இடத்திலேயே மரியாதையாகக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். காவலாளி, "வாக்கிங் வரவங்க பூவைத்தான் கொண்டு போவாங்க, நீங்க கல்லைக் கொண்டு வர்றீங்க" என்றார்.

உன் கல்லுக்காகப் பன்னிரண்டு பேரும் மூலையில் காத்திருக்கிறார்கள்.

தம்பி


ஜூலை 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஏழு கற்கள் பார்சலில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. ஒன்றும் இரண்டும் கருங்கல். சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறையில் ஓரத் துண்டுகளை மலைபோல் குவித்திருந்தார்கள். கேட்டதும், "எடுத்துட்டுப் போங்கம்மா, இடம் காலியாகும்" என்றார்கள். கூரான விளிம்பையும் தேய்த்தே கொடுத்தார்கள். மூன்று, சிலேட்டு செய்யும் பலகைக் கல். மற்றவை மலையடிவாரத்தில் நான் எடுத்தவை. நான்காம் எண் சாம்பல் நிறத்தில், நடுவில் குகைபோல் குடைந்திருக்கும். உன் மீன்களுக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும் சோதித்துவிட்டேன்.

பயணம் நன்றாக நடந்தது. ஒரு சின்ன வேடிக்கை. பாறை அடுக்குகளைக் காட்டிக் கால்மணி நேரம் விளக்கிவிட்டுத் திரும்புகிறேன், பதினெட்டுப் பேரில் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் வேனுக்குள். பாம்பு வந்ததாம், "மேடம், வாங்க!" என்று கத்தினார்களாம். அங்கே காற்று அதிகம்.

கல்லூரியில் ஒரு வருத்தமான செய்தி. தாவரவியல் பேராசிரியைக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. முதல்வரிடம் போய்ச் சொன்னாள். அடுத்த வாரமே நூலகத்தில் புத்தகக் கணக்கெடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். வகுப்பு போயிற்று. அவள் நல்ல ஆசிரியை. நானாக இருந்தால் மூச்சு விட்டிருக்க மாட்டேன். வகுப்பு இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலம். மீன்களையும் சேர்த்தால் பதினான்கு பேர் நலம். கற்களை நீ சொன்னபடி வைத்தேன். அரைமணி நேரத்தில் மீன்கள் மூலையை விட்டு வந்துவிட்டன. நான்காம் எண்ணின் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதுதான் இப்போது அவற்றின் முழுநேர வேலை. கடைக்கு வருபவர்கள் தங்கள் முறை வந்தும் எழுந்திருப்பதில்லை. பரிசோதனைக்கு முன்னாலேயே "உள்ள எத்தனை மீன் இருக்கு?" என்று கேட்டுவிடுகிறேன். ஏழு என்பவருக்கு என்ன கண்ணாடி, ஒன்பது என்பவருக்கு என்ன கண்ணாடி என்று ஒரு கணக்கு வந்துவிட்டது. நேற்று ஒருவர் இருபது என்றார். அவருக்குக் கண்ணாடி போதாது.

கீழே அவள் ஏதோ எழுத வேண்டுமாம்.

அண்ணிக்கு வணக்கம். நல்லா இருக்கீங்களா? போன மாசம் எங்க அக்கா பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்துல உங்களுக்கு போன் பண்ணேன். நான் சொல்லி முடிச்சதும், "ரொம்ப வருத்தமா இருக்கும்மா, வயசு என்ன ஆச்சு?"ன்னு கேட்டீங்க. இருபத்தாறுன்னேன். "அடப்பாவமே"ன்னீங்க. மாப்பிள்ளையப் பார்த்தப்புறம் நீங்க சொன்னதுதான் சரின்னு தோணுது. ஆனாலும் அண்ணி, லைன் அவ்வளவு மோசமாவா இருக்கு?


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மீன்கள் குகையில் நுழைவது மகிழ்ச்சி. வாரம் ஒரு முறை கால்பங்குத் தண்ணீரை மாற்று.

உன் மனைவியிடம் சொல். லைன் மோசம்தான். பெண்ணுக்கு என் வாழ்த்து.

செமஸ்டர் தொடங்கிவிட்டது. வேலை அதிகம், ஆகவே இவ்வளவே.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம்தானே? இங்கே எங்களுக்குக் குறையில்லை, மீன்களுக்குத்தான். பத்து நாளாகச் சோர்ந்து கிடக்கின்றன. சிவப்புக் கோடு வெளுத்துவிட்டது. போன வியாழன் ஒன்று, நேற்று ஒன்று போய்விட்டன. வாடிக்கையாளர் ஒருவர், "பத்துதான் தெரியுது, என் கண்ணு இன்னும் மோசமாயிடுச்சு போல" என்று பயந்துபோனார். இல்லை, கண் சரியாக இருக்கிறது என்று நான்தான் தேற்றினேன்.

மீன் கடையில் தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டை வாங்கி நனைத்துப் பார்த்தேன். தண்ணீர் மிகவும் கடினமாகிவிட்டது என்று காட்டுகிறது. கற்களில் ஏதாவது ஒன்று இப்படிச் செய்யுமா?

தம்பி


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஏழு கற்களையும் நானே சோதித்தேன். வினிகர்கூட இல்லை, ஆய்வகத்து அமிலம். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன், காதில் வைத்தேன். ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்கிறவளிடம் ஒரு காகிதப் பட்டையைக் காட்டிக் கேள்வி கேட்கிறாய்.

உன் குழாய்த் தண்ணீரைப் பார். தீனியைக் குறை. மணலை எங்கே வாங்கினாய்? அதில் கிளிஞ்சல் தூள் இருக்கும். அதைச் சோதி.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

குழாய்த் தண்ணீர் சரியாக இருக்கிறது. மணலை வினிகரில் ஊறவைத்தேன், அசையவில்லை. பிறகு ஏழு கல்லையும் எடுத்து, தண்ணீர் ஊற்றிய ஏழு பாத்திரங்களில் தனித்தனியாகப் போட்டு இரண்டு வாரம் வைத்தேன். வீட்டில் சமைக்கப் பாத்திரம் இல்லை. அதைப் பற்றி அவள் பேசியதை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார். ஆறு பாத்திரத்தில் தண்ணீர் மாறாமல் இருந்தது. நான்காம் எண் பாத்திரத்தில் பட்டையின் நிறம் மாறிவிட்டது.

அந்தக் கல்லைக் கீறி வினிகர் விட்டேன். லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தும் நுரை தெரியவில்லை. நீ சொல்லித் தந்தபடி காதருகே வைத்தேன். கேட்டது, அக்கா. மெல்லியதுதான், ஆனால் கேட்டது. அவளிடம் கொடுத்தேன். "என்னமோ சீறுதே" என்றாள். கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெரியவரும் வாங்கிக் காதில் வைத்துவிட்டு, "உள்ள பூச்சி இருக்கா?" என்றார்.

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. "என் கண் நல்லாத்தான் இருக்கு, உங்க போர்டுலதான் எழுத்து கலங்கியிருக்கு" என்று சொல்பவர் தினம் ஒருவராவது வருவார். அவரோடு நான் வாதாடுவதில்லை. ஒரு கண்ணாடியைப் போட்டுவிட்டு, "வாசல்ல நின்னு எதிர்க்கடை போர்டைப் பார்த்துட்டு வாங்க" என்பேன். போய்விட்டு வந்து சிலர் விலையைக் கேட்பார்கள். சிலர் அழுததும் உண்டு. நான் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

நான்காம் எண் கல்லைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீ ஒரு முறை அமிலம் விட்டுக் காதில் வைத்துக் கேள். உன்னோடு வேலை செய்கிற யாரையாவது ஒரு முறை கேட்கச் சொல். மற்றபடி நான் எதுவும் கேட்கவில்லை.

பத்து மீனும் தேறிவிட்டன.

தம்பி


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பார்சல் வந்ததா? கோபமென்றால் திட்டியாவது எழுது. "அண்ணி திட்டினா ஒற்றுப்பிழைகூட இருக்காது, படிக்க நல்லா இருக்கும்" என்கிறாள் அவள். அவளும் கவலையாகத்தான் இருக்கிறாள்.

தம்பி


டிசம்பர் 14

அன்புள்ள தம்பிக்கும், பாத்திரங்களை இழந்தவளுக்கும்,

நான் நலம். இதற்கு முன் எழுதிய நலம் எல்லாம் முக்கால் நலம். இது முழு நலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பார்சல் வந்த அன்று கல்லை ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். அமிலம் விட்டுக் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு காது. அதிலும் ஒன்றுமில்லை. சரி, தம்பிக்குப் பிரமை என்று உன்மேல் பழியைப் போட்டேன். ஆய்வக உதவியாளர் பக்கத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருக்கும் அம்மாள். அவரிடம் நீட்டினேன்.

"ஏதாவது கேக்குதா பாருங்க."

"கேக்குதே மேடம். காய்ஞ்ச சட்டியில தண்ணி தெளிச்ச மாதிரி."

சுண்ணாம்புக் கல்லுக்கு டோலமைட் என்று ஓர் உறவு உண்டு. கண்ணுக்குப் படாமல் முணுமுணுக்கும், காதுக்குத்தான் பிடிபடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மாணவிகளைக் காதில் வைக்கச் சொல்கிறேன். ஜூலையில் இதே கல்லை நானும் காதில் வைத்தேன். சத்தமில்லை, கல் ஊமை என்று முடிவு கட்டினேன். செவிடு யார் என்று யோசிக்கவில்லை.

அது பொய். யோசித்தேன். மூன்று வருடமாக வேறு எதையும் யோசிக்கவில்லை. போன் லைனில் ஒரு கோளாறும் கிடையாது. கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருவேன். யாராவது சிரித்தால் நானும் சிரிப்பேன். வகுப்பில் கேள்வி கேட்கும் பெண்ணின் உதட்டைப் பார்ப்பேன். வகுப்பை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்தான். அதற்காக இரண்டு மீன் செத்தன. உன்னிடம் எரிந்தும் விழுந்தேன். மன்னித்துக்கொள்.

மூன்று வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு காது டாக்டரிடம் போனேன். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை. மதிப்பெண் குறைந்துவிடுமே என்று இரண்டு முறை சும்மாவே அழுத்தினேன்.

"மேடம், நான் இன்னும் சத்தமே வைக்கலையே" என்றார்.

இப்போது இரண்டு காதிலும் கருவி இருக்கிறது. நாகரிகம் இவ்வளவு இரைச்சலானது என்று நான் மறந்துபோயிருந்தேன். என் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் கிறீச்சிடுகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் கூரை சரிவதுபோல் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் பாடுகிறார், அது கேட்காமலே இருந்திருக்கலாம்.

யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று முதல்வரிடம் போனேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த பேச்சில் பாதிகூட முடியவில்லை.

"காதுக் கருவி போட்டுட்டீங்களா? ரொம்ப நல்லது மேடம்" என்றார்.

"வகுப்பு..."

"வகுப்புக்கு என்ன?"

"தாவரவியல் மேடத்தை நூலகத்துக்கு..."

"அவங்களே கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. முப்பது வருஷமா அந்த நூலகத்து மேல கண்ணு. நான்தான் விடாம வெச்சிருந்தேன். நீங்களும் போறேன்னு ஆரம்பிக்காதீங்க, ஆள் இல்லை."

நான் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாதவள் என்பது காதால் மட்டும் வந்ததல்ல.

வெளியே வந்து நேராக முதலாண்டு வகுப்புக்குப் போனேன். கருவி போட்டதிலிருந்து என் குரலே எனக்கு இடியாகக் கேட்கிறது, ஆகவே தணித்துப் பேசினேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கிசுகிசுப்பு. மூன்று வருடத்தில் நான் கேட்ட முதல் கிசுகிசுப்பு.

"ஏய், இன்னிக்கு மைக் செட்டுக்கு என்னடி ஆச்சு? சவுண்டே வரல."

மைக் செட் யார் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. நான் மூடி மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தது மூன்று வருடமாக மாணவிகளின் காதைப் பிளந்திருக்கிறது. பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்தியிருக்கிறேன் போல.

திரும்பினேன்.

"மைக் செட் ரிப்பேருக்குப் போயிட்டு வந்திருக்கும்மா. இனிமே கடைசி பெஞ்சுல பேசறதும் கேக்கும்."

அந்தப் பெண் முகம் போன போக்கைப் பார்த்து முதலில் சிரித்தது நான். பிறகுதான் வகுப்பு சிரித்தது. வழக்கமாக இரண்டு நொடியில் மேசையைத் தட்டி அடக்கிவிடுவேன். அன்று தட்டவில்லை. ஒவ்வொருத்தியின் சிரிப்பும் ஒவ்வொரு விதம் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டு முடிக்கும்வரை சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா